முள் பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னவருக்கு

அன்புள்ள காக்காவுக்கு,

 

இந்தக் கடிதத்தை வாலிநோக்கத்துக்கே வந்து உங்கள் கையில் கொடுத்திருக்கலாம். நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ராடும் ரீலுமாக நம் கடற்கரைக்கு வரும் இளைஞர்கள் இப்போது கூடிக்கொண்டே போகிறார்கள். பெரிய ஜெர்க்பெய்ட் வீச எந்தக் கம்பு வாங்கலாம் என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். நான் சொல்லும் பதிலில் பாதிக்கு மேல் உங்களுடையது. உங்களைச் சொல்லாமல் உங்கள் பதிலை மட்டும் சொல்லிக்கொண்டு திரிய எனக்கு மனம் ஒப்பவில்லை. பெயர் போட வேண்டாம் என்றீர்கள். அதனால், நம் பக்கத்தில் அண்ணனை அழைப்பதுபோல், காக்கா என்றே எழுதுகிறேன். வாலிநோக்கத்தில் வள்ளத்தில் போய்க் கைத்தூண்டில் போடும் பெரியவர்கள் யார் இதைப் படித்தாலும் தமக்கு வந்த கடிதமாகவே எடுத்துக்கொள்ளட்டும்.

படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்க்பெய்ட் என்பது மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பொய்மீன், அதாவது ஒரு வகை லூர். நான் சொல்லும் பெரிய ரகம் ஏறக்குறைய ஒரு சாண் இருக்கும். எடை 80, 100 கிராம், சிலது 150 கிராம்கூட வரும். ரீலைச் சும்மா சுற்றினால் உயிரில்லாமல்தான் வரும். கம்பின் நுனியைத் தாழ்த்தி வெடுக்கென்று ஓர் இழுப்பு, உடனே தூண்டில் நரம்பைத் தளரவிட்டு ஒரு நிறுத்தம். அந்தத் தளர்வில் அது ஒரு பக்கமாகச் சறுக்கும், வயிறு மின்னும். அடுத்த இழுப்பில் மறுபக்கம் போகும். அடிபட்ட சாளை கூட்டத்தை விட்டு விலகித் தடுமாறுவது அப்படித்தான். பாறை, சீலா, ஊழி மீன்கள் பாய்வது அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்துத்தான். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் அடி விழும்.

இந்த வகைத் தூண்டில் வட அமெரிக்க ஏரிகளில் மஸ்கி என்ற மீனுக்கும், ஐரோப்பாவில் பைக் என்ற மீனுக்கும் வளர்ந்தது. கடையில் ஜெர்க்பெய்ட் ராடு என்று விற்பதும் பெரும்பாலும் அந்த ஏரிகளை மனத்தில் வைத்துச் செய்ததுதான். அது நம் தென்கடலான மன்னார் வளைகுடாவுக்குச் சரிப்படுமா என்பது எனக்குக் குழப்பமாகவே இருந்தது. பட்டியலில் கண்ட கம்புகளின் படங்களை உங்களிடம் காட்டினேன். நீங்கள் படத்தைத் தள்ளி வைத்துவிட்டு லூரைக் கேட்டீர்கள். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தீர்கள். பிறகு மூன்று கேள்விகள்தான். “இது எத்தனை கிராமு? கரையில நின்னு வீசப்போறீங்களா, வள்ளத்துலயா? என்ன மீனுக்குப் போடுறீங்க?” மூன்றுக்கும் பதில் தெரிந்தால் கம்பு தானே வந்து சேரும் என்றீர்கள். “முள்ளுப் பக்கமிருந்து வாங்க தம்பி. கம்புப் பக்கமிருந்து போனா கடைக்காரன் சொல்றதுதான் கம்பு.”

கம்பே இல்லாமல் ஆயுசு முழுக்கத் தூண்டில் போட்டவர் சொன்னது இது. உங்கள் ஆள்காட்டி விரல்தான் நுனி, முன்கைதான் நடு, தோள்தான் அடிக்கம்பு. சூடைக்கு விரல் போதும், பாறைக்குத் தோள் வேண்டும் என்பது உங்கள் உடம்புக்கே தெரியும். அதனால்தான் உங்கள் மூன்று கேள்விகளில் ஒன்றுகூட வீண் போகவில்லை.

முதல் கேள்வி எடை. பெரும்பாலான கம்புகளில் கைப்பிடிக்கு மேலே எத்தனை கிராமிலிருந்து எத்தனை கிராம் வரை வீசலாம் என்று எழுதியிருக்கும். சிலதில் அவுன்ஸில் இருக்கும். ஓர் அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று மேல், 4 அவுன்ஸ் என்றால் 113 கிராம். பலரும் அதில் மேல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். 100 கிராம் லூர் இருக்கிறது, கம்பில் 100 வரை என்று போட்டிருக்கிறது, எனவே சரி என்று முடிவு கட்டுகிறார்கள். அது சரியில்லை. கம்பு ஒரு வில். பின்னே கொண்டுபோய் முன்னே வீசும்போது லூரின் எடைதான் அதை வளைக்கிறது. வளைந்தது நிமிரும் வேகத்தில்தான் லூர் பறக்கிறது. அந்த வேகத்தில் 100 கிராம் நுனியில் பல மடங்கு கனக்கும். எடை மிஞ்சினால் கம்பு வளைந்து அங்கேயே தங்கிவிடும், நிமிர நேரம் பிடிக்கும். கார்பன் கம்பு என்றால் முறிந்தும் போகலாம். எடை குறைந்தால் வளையவே வளையாது, எல்லா வேலையும் தோளுக்கு வந்துவிடும். காலையிலிருந்து மதியம் வரை வீசுகிறவனுக்கு இரண்டுமே தண்டனை. எழுதியிருக்கும் மேல் எண்ணின் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை உங்கள் லூர் விழ வேண்டும். 100 கிராம் லூருக்கு 60 முதல் 150 என்று போட்ட கம்பு பொருந்தும். 40 முதல் 100 என்று போட்டது பொருந்தாது.

எடைக்கு நரம்பும் ஒத்துவர வேண்டும். மெல்லிய நரம்பில் கனத்த லூரை வீசினால் வீச்சின் நடுவே நரம்பு அறுந்து, மூன்று முள் கொத்துகளோடு லூர் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. வள்ளத்தில் நாலு பேர் இருக்கிற இடத்தில் அது சாதாரண விஷயமில்லை. பின்னல் நூலில் 50 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 23 கிலோ தாங்குவதற்குக் கீழே போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதன் முனையில் தடித்த தங்கூசி நரம்பு, இரு கை விரித்த ஒரு பாகம். சீலாவுக்கும் ஊழிக்கும் பல் கத்தி என்பதால் லூருக்கு முன்னே ஒரு சாண் கம்பி.

இரண்டாவது கேள்வி நிற்கும் இடம். வள்ளத்தில் நிற்பவன் கம்பைக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். எட்டடி, ஒன்பதடிக் கம்பு என்றால் நுனி தண்ணீரில் அடிக்கும், இல்லையென்றால் வள்ளத்தின் விளிம்பில் மோதும். ஆறரை முதல் ஏழரை அடி போதும். கரையிலோ பாறை மேலோ நிற்பவனுக்குக் கதை வேறு. அலை உடையும் இடத்துக்கு அப்பால் லூர் விழ வேண்டும், நரம்பு அலைக்கு மேலே நிற்க வேண்டும். அதற்கு எட்டடிக்கு மேல் வேண்டும். ஒரே கம்பை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: எங்கே அதிகம் நிற்கிறீர்களோ அதற்கு வாங்குங்கள். நடுவாக எட்டடி வாங்கினால் இரண்டு இடத்திலும் அரைகுறைதான்.

அடிப்பிடியின் நீளத்தையும் இங்கேதான் சொல்ல வேண்டும். பெரிய லூரை இரண்டு கையால்தான் வீச முடியும், எனவே பிடி நீளமாக இருக்க வேண்டும். ஆனால் இழுக்கும்போது அதே நீளம் விலாவில் முட்டும். ரீல் இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு கம்பை முன்கையோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். அடிமுனை முழங்கையைத் தாண்டி நாலு விரல் நின்றால் அளவு சரி.

இனி, நான் என்றைக்கும் மறக்க முடியாத அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். நண்பர்களிடமிருந்து மூன்று விதக் கம்புகளை வாங்கிக்கொண்டு உங்களிடம் வந்திருந்தேன். நீங்கள் கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, நரம்பின் முனையை விரலில் பிடித்துக்கொண்டீர்கள். என்னைப் பதினைந்து இருபது அடி தள்ளி நிற்கச் சொல்லி, “இழுங்க” என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். முதல் கம்பில் நான் வெடுக்கென்று இழுத்தேன். “வரல.” இன்னும் பலமாக இழுத்தேன். “வருது, ஆனா சோம்பி வருது. நீங்க இழுத்ததைக் கம்பே தின்னுடுச்சு.” இரண்டாவது கம்பு இரும்புபோல் விறைப்பு. இழுத்ததும் உங்கள் விரலே முன்னுக்கு வந்தது. “இது மீனைக் கடிக்கவிடாது. கடிச்சாலும் வாயைக் கிழிச்சிடும்.” மூன்றாவதில் நான் அதிகம் பலம் போடவில்லை. மணிக்கட்டை மட்டும் திருப்பினேன். உங்கள் விரல் ஒரு தடவை வெட்டியது, நின்றது. “இதுதான்” என்றீர்கள்.

அந்த மூன்றாவது கம்பின் நுனிக் கால்பங்கு மட்டும் வளையும், அதற்குக் கீழே முதுகெலும்பு உறுதியாக நிற்கும். கடைகளில் இதை ஃபாஸ்ட் ஆக்‌ஷன் என்பார்கள். பலம் எக்ஸ்ட்ரா ஹெவி. இந்தப் பெயர்களை நம்பி மட்டும் வாங்காதீர்கள், ஒரு கம்பெனியின் ஹெவி இன்னொரு கம்பெனியின் மீடியம் ஹெவியாக இருக்கும். காக்கா செய்த சோதனையைக் கடையிலேயே செய்து பாருங்கள். கூட ஒரு நண்பர் போதும். முள்களைக் கழற்றிய லூரையும் எடுத்துப் போங்கள். நரம்பை வளையங்களில் கோத்து, லூரை நுனியிலிருந்து ஒரு முழம் தொங்கவிட்டு, கம்பைத் தரைக்குச் சமமாக நீட்டிப் பிடியுங்கள். நுனி கொஞ்சம் தலைகுனிந்தால் நல்லது. கம்பின் பாதி வரை வளைந்து தொங்கினால் அது இந்த லூருக்கானது இல்லை. அசையாமல் நின்றாலும் இல்லை. விலையை அதற்குப் பிறகு கேளுங்கள்.

நிறுத்தத்தின் அருமையைக் கற்றுக்கொடுத்தது உங்கள் கணவாய்த் தூண்டில், காக்கா. இறால் வடிவில் வரும் அந்தப் பொய் இரையைக் கையால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, நரம்பை இறங்கவிட்டுக் காத்திருப்பீர்கள். எகி என்று ஜப்பானியர்கள் சொல்லும் அந்த இரையும் ஜெர்க்பெய்ட்டும் ஊரால் வேறு, வேலையால் ஒன்று. இழுப்பதைவிட விடுவதில்தான் உங்கள் கவனம் முழுவதும் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கம்பின் எடையைப் பற்றி யோசித்தேன். இழுத்து விட்டு, இழுத்து விட்டு நாள் முழுக்கச் செய்ய வேண்டுமானால் கம்பும் ரீலும் கையில் சமநிலையாக நிற்க வேண்டும். நுனி கனத்த கம்பு மணிக்கட்டை முறித்துவிடும். ரீல் மாட்டிய பின் ரீலுக்குச் சற்று முன்னே ஒரு விரலில் வைத்தால் கம்பு சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி மீன்.  கட்டாவுக்கு இளகிய நுனி வேண்டும். வட்டப்பாறை பிடித்தால் நேரே பவளப் பாருக்குள் ஓடும். அதற்கு அடிக்கம்பில் நிறுத்தும் பலம் வேண்டும். சீலா மேலேயே நீளமாக ஓடும், அதற்குக் கம்பைவிட ரீலின் பிரேக்தான் முக்கியம். மூன்றுக்கும் ஒரே கம்பு என்றால் பாறைக்கு ஏற்றதை வாங்கி, மற்ற இரண்டுக்கும் பிரேக்கைத் தளர்த்திக்கொள்ளலாம் என்றீர்கள். அதையே நானும் சொல்லிவருகிறேன்.

கார்பனா, ஃபைபர் எனும் கண்ணாடி இழையா என்பதில் எனக்கு ஒரு சார்பு உண்டு. கார்பன் எடை குறைவு, விரலுக்குச் செய்தி சீக்கிரம் வரும். ஆனால் வள்ளத்தில் நங்கூரமும் ஐஸ் பெட்டியும் கிடக்கும் இடத்தில் ஒரு தடவை ஓங்கி மோதினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, பெரிய மீன் பிடித்த நேரத்தில் முறியும். கண்ணாடி இழைக் கம்பு கனம், ஆனால் பொறுத்துப் போகும். இரண்டையும் கலந்து செய்தவை வள்ளத்துக்கு நல்லவை. இன்னொன்றும் உண்டு: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஐப்பசியில் இடி கேட்டதும் கம்பைக் கீழே போடச் சொல்லி நீங்கள் அதட்டியது நூற்றுக்கு நூறு சரி. மின்கம்பிக்குக் கீழே நின்று வீசுகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வாலிநோக்கம் உப்பின் ஊர். 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மாரியூர் வாலிநோக்கம் உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே வரும் கம்புக்கு முதல் பகை மீனில்லை, உப்புதான். வளையத்தின் சட்டம் துருப்பிடித்தால் உள்ளே இருக்கும் பீங்கான் வளையம் நெகிழும், விரிசல் விடும். அந்த விரிசல் பின்னல் நூலைக் கத்தியாக அறுக்கும். வாங்கும்போதே ஒரு துண்டுப் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுழற்றிப் பாருங்கள். எங்கே இழை சிக்குகிறதோ அங்கே விரிசல். கடலுக்குப் போய்வந்த பிறகும் இதையே செய்யுங்கள்.

கழுவுவதைப் பற்றிப் புத்தகங்களெல்லாம் குழாயைத் திறந்துவிட்டு நல்ல தண்ணீரில் கழுவு என்கின்றன. அதை எழுதியவர்கள் நம் கடலாடிப் பக்கம் வந்ததில்லை. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் நல்ல தண்ணீருக்கு நடக்கிற சீமையில் ஒரு கம்புக்காகக் குடத்தைக் கவிழ்க்க முடியாது. உங்கள் வீட்டில் மாமிதான் வழி காட்டினார்கள். ஒரு செம்புத் தண்ணீரில் பழைய கைலித் துணியை நனைத்துப் பிழிந்து, நுனியிலிருந்து அடிவரை துடைத்து, ஒவ்வொரு வளையத்தின் காலடியிலும் துணியின் முனையைத் திருகித் துடைத்து, மறுபடி காய்ந்த துணியால் ஒரு முறை. செம்புத் தண்ணீரில் பாதி மிஞ்சியது. என் கம்புகளில் இன்றைக்கும் துருவில்லை. மாமிக்கு என் ஸலாமைச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லித்தந்தவற்றில் கம்போடு நேரே சேராத ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிது. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். கீழக்கரைக்கு எதிரே அப்பா, தலையாரி, வாழை, முள்ளி என்று நீளும் தீவுகள் அதில் சேர்ந்தவை. பூவரசன்பட்டி கடலுக்குள்ளேயே போய்விட்டது. அந்தப் பக்கம் நல்ல மீன் இருக்கும் என்று வருகிறவர்கள் எத்தனை பணம் நீட்டினாலும் நீங்கள் வள்ளத்தைத் திருப்பியதில்லை. “பாரு செத்தா மீனு எங்க வந்து குடியிருக்கும்?” என்பீர்கள். பூங்கா எல்லைக்கு வெளியேயும் பார் இருக்கும் இடத்தில் மிதக்கும் லூரைத்தான் போடச் சொல்வீர்கள். மூன்று முள் கொத்துகளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டச் சொன்னதும் நீங்கள்தான். சிறு பாறையைக் காயமில்லாமல் விடலாம், பவளத்திலும் மாட்டாது. அப்படி மாற்றினால் லூரின் எடை சில கிராம் குறையும், சறுக்கும் விதம் மாறும் என்பதால், கம்பைச் சோதிக்கும் முன்பே முள்ளை மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

தூண்டில் கம்பைப் பற்றி நம் நாட்டில் எழுதியவர்கள் என்று தேடினால், மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் எழுதிய ‘தி ராட் இன் இந்தியா’தான் முதலில் கையில் வரும். அக்கறையோடு எழுதிய புத்தகம், மறுப்பதற்கில்லை. ஆனால் கைத்தூண்டில்காரர்களுக்குத் தெரிந்ததை யாரும் அந்த அளவுக்கு உட்கார்ந்து எழுதவில்லை. எழுதாவிட்டாலும் செய்து காட்டியவர்கள் உண்டு: இன்று உலகம் முழுக்க விற்கும் பொய்மீன்களில் ஒரு பெரிய குடும்பத்தைத் தொடங்கியவர் லௌரி ராபாலா. பின்லாந்தில் ஏரியில் மீன் பிடித்து விற்றுப் பிழைத்தவர். பெரிய மீன்கள் கூட்டத்தில் தடுமாறுகிற மீனையே குறிவைப்பதைப் படகிலிருந்து பார்த்துப் பார்த்து, 1936-ல் தக்கையைச் செதுக்கித் தன் முதல் பொய்மீனைச் செய்தார். பொழுதுபோக்குக்காகச் செய்ததில்லை, அடுப்பெரிய வேண்டுமே என்று செய்தது. அவரும் உங்களைப் போன்றவர்தான், காக்கா. கம்பு பிடிக்கிற நாங்கள் எல்லோரும் உங்களைப் போன்றவர்களுக்குக் கடன்பட்டவர்கள். அதை வெளிப்படையாகச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

நான் கடைசியாக வாங்கியது ஏழடி இரண்டங்குலக் கம்பு. 60 முதல் 150 கிராம், கார்பனும் கண்ணாடி இழையும் கலந்தது, துருப்பிடிக்காத சட்டம். கடையில் நண்பர் நரம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி “வருது” என்று சொன்ன பிறகுதான் காசைக் கொடுத்தேன். கச்சான் காற்று ஓய்ந்து தென்கடல் அடங்கியதும் எடுத்துக்கொண்டு வருகிறேன். வள்ளத்தில் முன்பக்கம் ஓர் இடம் வையுங்கள்.

நீங்கள் கேட்ட கணவாய்த் தூண்டில் 3.5 நம்பரில் ஆரஞ்சு நிறம் கிடைத்தது. பச்சை 3.0-தான் இருக்கிறது. அது போதுமா, காத்திருக்கவா என்று போனில் சொல்லுங்கள்.


ராமநாதபுரத்திலிருந்து உங்கள் தம்பி